தாளையும் சுண்டிப் பாருங்கள்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

சூளையிலிருந்து இறக்கிய கோப்பையை நீங்கள் விரலால் சுண்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். கணீரென்று கேட்டால் ஒரு பக்கம், மொத்தென்று கேட்டால் கழிவுப் பக்கம். கண்ணுக்குப் படாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடும். அப்படிச் சோதிக்கத் தெரிந்தவர்களிடம் இன்னொரு சரக்கையும் சோதிக்கச் சொல்லத்தான் இந்த மடல். அந்தச் சரக்கு ஒரு காகிதம்.

இருமலுக்கோ தொண்டை வலிக்கோ குழந்தையின் காது வலிக்கோ மருத்துவரிடம் போகிறீர்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா, சாப்பிடாமல் இரண்டு நாள் பார்க்கலாமா? மருத்துவரும் நீங்களும் சேர்ந்து இதற்குப் பதில் தேட உதவும் ஒன்றிரண்டு பக்கத் தாள்கள் சில நாடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அரசின் சுகாதாரத் தர ஆணையமே இந்த மூன்று தொல்லைக்கும் தனித்தனியாகத் தாள் போட்டிருக்கிறது. நமக்குள் இதை முடிவுத் தாள் என்று சொல்லிக்கொள்வோம். இன்றில்லாவிட்டால் நாளை, அச்சிலோ கைபேசியிலோ, இப்படி ஒன்று தமிழில் உங்கள் கைக்கு வரும். வந்ததும் கும்பிட்டு வாங்கிக்கொள்ளவும் வேண்டாம், கசக்கி எறியவும் வேண்டாம்.

நோட்டீசோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நோட்டீஸ் உத்தரவு போடும். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய சிவப்புக் கோடு பிரசாரம் அந்த வகை: மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதே. அதற்கு முன்பே, 2014 மார்ச் முதல், எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் அப்போது 46 மருந்துகள். விற்கும்போது நோயாளி பெயர், மருத்துவர் பெயர், கொடுத்த அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு மூன்று ஆண்டு கடையில் இருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. "சளி, இருமல், உடம்பு வலி, ஒரு செட்டு குடுங்கண்ணே" என்ற குரலும் இருக்கிறது. மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நின்று காலம் கழித்தவன் என்பதால் அந்தக் குரலின் அவசரம் எனக்குத் தெரியும். நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் நாளைக் கூலி போச்சு. அப்படிப்பட்டவரிடம் 'வாங்காதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. வாங்காவிட்டால் எத்தனை நாளில் சரியாகும், வாங்கினால் எவ்வளவு சீக்கிரம் சரியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிவுத் தாளுக்கு அதுதான் வேலை.

இதனால் பலன் உண்டா? உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மருத்துவப் பேராசிரியர் பிரான்ஸ் லெகாரேயின் குழு செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. சளி, இருமல், தொண்டைத் தொற்றுகளோடு வந்தவர்களில், வழக்கம்போல் மருத்துவரைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 52 பேர் ஆன்டிபயாடிக் சாப்பிட முடிவு செய்தார்கள். நோயாளியோடு சேர்ந்து முடிவெடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர்களைப் பார்த்தவர்களில் அது நூற்றுக்கு 27. இதுபோன்ற பல ஆய்வுகளை 2015-இல் காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தபோது, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பது நூற்றுக்கு 47-லிருந்து 29-ஆக இறங்கியிருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கியூபெக்கில் வெறும் காகிதம் மட்டும் போகவில்லை, மருத்துவருக்கும் பாடம் நடந்தது. நம் ஊரில் காகிதத்தை மட்டும் இறக்கிவிட்டு அதே பலனை எதிர்பார்த்தால் கிடைக்காது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. மாத்திரை குறைந்ததையே தாளின் தரத்துக்கு மதிப்பெண்ணாக்கிவிடுகிறார்கள். நிமோனியா வந்த ஒருவர் தாளைப் படித்துவிட்டு மாத்திரை வேண்டாம் என்று வீட்டுக்குப் போனால், அவரும் கணக்கில் 'குறைந்தது' என்றுதான் ஏறுவார். படித்தவருக்கு விளங்கியதா, விளங்கிக்கொண்டு தனக்கு ஏற்றதை எடுத்தாரா என்று பார்ப்பதுதான் சோதனை.

அந்தச் சோதனைக்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. 2003-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஐப்டாஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். 2006-இல் முதல் அளவுகோல் வந்தது. பிறகு சலித்துச் சலித்து 44 கேள்விகளாக்கினார்கள். 44-ஐயும் எழுதினால் நீங்கள் மடலை மடித்து அதன்மேல் டிபன் டப்பாவை வைத்துவிடுவீர்கள். நுழைவாசலில் நிற்பவை ஆறுதான். என்ன நோய், எதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, என்னென்ன வழி, ஒவ்வொரு வழியிலும் என்ன நன்மை, என்ன கெடுதல், அந்த நன்மையும் கெடுதலும் உடம்பில் எப்படித் தெரியும். இந்த ஆறில் ஒன்று விட்டுப்போனாலும் அது முடிவுத் தாளே இல்லை என்பது அவர்கள் கணக்கு. அதைத் தாண்டினால் அடுத்த வரிசை: நல்லதையும் கெட்டதையும் சம அளவில் சொல்கிறதா, ஆதாரம் எது, எப்போது அச்சிட்டது, எப்போது திருத்துவார்கள், எந்த எண்ணில் உறுதி குறைவு, யார் காசு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசு 2016 முதல் முடிவுத் தாள்களை இப்படிச் சோதித்துச் சான்றிதழே கொடுத்துவருகிறது.

சம அளவு என்பதில் கொஞ்சம் நிற்கலாம். குழந்தையின் காது வலியை எடுத்துக்கொள்வோம். காக்ரேன் தொகுத்த ஆய்வுகளின்படி, ஆன்டிபயாடிக் கொடுக்காத 100 குழந்தைகளில் இரண்டு மூன்று நாள் கழித்தும் வலி இருந்தது சுமார் 16 பேருக்கு. கொடுத்த 100 பேரில் சுமார் 11. ஆக, 100 குழந்தைக்குக் கொடுத்தால் 5 குழந்தைக்கு லாபம். மறுபுறம் வாந்தி, பேதி, உடம்பில் தடிப்பு: கொடுக்காதவர்களில் 20, கொடுத்தவர்களில் 27. கூடுதலாக 7 குழந்தைக்குத் தொல்லை. இதே சங்கதியை 'ஆன்டிபயாடிக் காது வலியை முப்பது சதவீதம் குறைக்கிறது' என்றும் எழுதலாம். பொய் இல்லை, 16 என்பது 11 ஆனால் ஏறக்குறைய முப்பது சதவீதக் குறைவுதான். ஆனால் படிப்பவர் மனதில் 5 குழந்தை நிற்காது, 30 குழந்தை நிற்கும். அடுத்த வரியில் பக்க விளைவை மட்டும் 'சிலருக்கு வரலாம்' என்று முடித்துவிட்டால் வேலை முடிந்தது. நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்லாமல் வெறும் சதவீதக் குறைவைக் காட்டும் தாளைக் கழிவுப் பக்கம் வையுங்கள். ரெண்டு வட்டிக்கும் மூணு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் விரல் நுனியில் இருக்கும் மக்களுக்கு நூற்றுக் கணக்கு புரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

மருந்துக் கம்பெனி போட்ட தாள் ஒரு பக்கம் சாயும் என்று சொல்லாமலே தெரியும். ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் குறைத்தாக வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு எழுதிய தாளும் சாயும். அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பயம் நியாயமானது. அதற்காக அந்த 5 குழந்தையைத் தாளிலிருந்து மறைப்பது நியாயமில்லை. வலியில் அழுகிற பிள்ளையை இரவெல்லாம் தோளில் போட்டு நடக்கும் தாய்க்கு அந்த 5 என்ற எண் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அவர் "ரெண்டு நாள் பார்க்கிறேன்" என்றாலும் சரி, "இப்பவே எழுதிக் குடுங்க" என்றாலும் சரி, அது அவர் எடுத்த முடிவு.

இந்தக் காதுவலிக் கணக்கு 13 ஆய்வுகளிலிருந்து வந்தது. அத்தனையும் பணக்கார நாடுகளில் நடந்தவை. தாளில் அதுவும் இருக்க வேண்டும். ஏனென்றால், வெளியூரில் எல்லாச் சோதனையிலும் தேறிய தாள்கூட நம் ஊர் மண்ணில் விரிசல் விடலாம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

இருமல் தாளைப் பாருங்கள். சாதாரண மார்ச்சளி இருமல் சராசரியாகச் சுமார் 18 நாள் நீடிக்கும் என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் மக்களைக் கேட்டபோது ஏழு முதல் ஒன்பது நாளில் போய்விடும் என்றே நினைத்திருந்தார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இருமல் சுமார் அரை நாள் குறைகிறது. ஆகவே அங்குள்ள தாள் சொல்வது: இரண்டு மூன்று வாரம் இருக்கும், பயப்படாதீர்கள், தானாகப் போய்விடும். காசநோய் அரிதாகிவிட்ட நாட்டில் இது நேர்மையான பேச்சு. இதை அப்படியே தமிழாக்கி ஜங்ஷன் ரோட்டில் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய் என்கிறது நம் நாட்டுக் காசநோய்த் திட்டம். ஒரு காகிதம் மூன்று வாரம் பொறு என்கிறது, ஆஸ்பத்திரிச் சுவர் இரண்டு வாரத்தில் வா என்கிறது. இரண்டும் அச்செழுத்து. வேலையை விட்டுவிட்டு வர வேண்டியவர் எதைக் கேட்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் கடுமை. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களியோடு குவார்ட்ஸ் பொடியும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்துதான் பீங்கான் கலவை. காய்ந்த வார்ப்பின் ஓரத்தைச் சுரண்டும்போதும், மூட்டையைக் கொட்டும்போதும், சாயங்காலம் தரையைப் பெருக்கும்போதும் எழும் தூசியில் சிலிகா இருக்கிறது. அது வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலில் தழும்பு விழும். சிலிகோசிஸ். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கண்டறிந்தால் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதை வைத்திருந்தது. தழும்பேறிய நுரையீரலைக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இதற்கு மேல், இருமலுக்கு என்று சர்வசாதாரணமாகக் கைமாறும் லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கி வைக்கும். ஐந்து நாள் சாப்பிட்டால் தேறினாற்போல் இருக்கும். கிருமி உள்ளேயே இருக்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பட்டறைக்காரர்களுக்கு வரும் இருமல் தாளில் ஆன்டிபயாடிக்கின் கெடுதல் என்று வயிற்றுப்போக்கை மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாள் உங்களுக்காக எழுதியதல்ல. 'என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை வருஷமாக?' என்று முதல் வரியிலேயே கேட்கும் தாளைத் தேடுங்கள்.

காய்ச்சலும் இப்படித்தான். 'பெரும்பாலான காய்ச்சல் வைரஸ், ஆன்டிபயாடிக் வேண்டாம்' என்ற வரி பெரும்பாலும் உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் இருக்கிறது. புதரில் உள்ள நுண்ணிய உண்ணிக் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல். சிலருக்குக் கடித்த இடத்தில் கறுத்த பொருக்குத் தட்டும், சிலருக்கு அதுவும் இருக்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற விலை மலிந்த மாத்திரைக்கு அது கேட்கும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் உலகுக்குக் காட்டிய ஆய்வை நடத்தியது வேலூர் சி.எம்.சி. தலைமையிலான இந்திய மருத்துவர்கள் குழு. காலையில் முந்திரித் தோப்பில் வேலை, மத்தியானம் பட்டறை என்று இருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. அவர்கள் கைக்கு வரும் காய்ச்சல் தாளில் இந்த நோய் பெயரோடு இருக்க வேண்டும். தொண்டை வலித் தாளில் ருமாட்டிக் காய்ச்சலுக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். பிள்ளைகளின் இதய வால்வைக் கெடுக்கும் அந்த நோய் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. ஆஸ்திரேலியாவின் சிகிச்சை நெறிமுறைகளே தங்கள் நாட்டுப் பழங்குடி மக்களின் தொண்டை வலியைத் தனியாக வைத்துத்தான் பேசுகின்றன.

இத்தனைக்கும் மேலே, உங்களுக்கென்றே எழுதப்பட வேண்டிய முடிவுத் தாள் ஒன்று இருக்கிறது. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வராமல் தடுக்க மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2021-இல் வந்த நம் நாட்டு வழிகாட்டியும் இவர்களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதலில் ஏற்கெனவே காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு வழி இரண்டு: ஐசோநயசிட் மாத்திரை தினமும் ஆறு மாதம், அல்லது ஐசோநயசிடும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு தடவையாக 12 வாரம். உடம்பில் நோய் எதுவும் தெரியாதபோது மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். இங்கேதான் உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே சரியான விடை கிடையாது. ஐசோநயசிட் ஈரலைத் தொடலாம். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும். கை கால் மதமதப்பு வரலாம், அதற்கு வைட்டமின் பி6 கொடுப்பார்கள். ரிஃபாபென்டின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அது ஆபத்தில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் முதல் நாளே பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். கர்ப்பத்தடை மாத்திரையின் பலத்தையும் அது குறைக்கும். வார்ப்பிலும் பூச்சிலும் பெண்கள் வேலை செய்யும் தொழிலில் இந்த ஒரு வரியை விட்டுவிட்ட தாள் என் கணக்கில் பாஸ் ஆகாது. சனிக்கிழமைக் கூலி வாங்கியதும் குடிப்பவர்களுக்கும் ஒரு வரி வேண்டும், ஈரலுக்கு என்ன ஆகும் என்று, உபதேசம் இல்லாமல். முக்கியமாக, மருந்து சாப்பிட்டாலும் பட்டறையில் தூசி அப்படியே இருந்தால் நுரையீரல் தேயத்தான் செய்யும் என்பதையும் அந்தத் தாள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலாளி செய்ய வேண்டிய செலவை மாத்திரைத் தலையில் கட்டியதாக ஆகும். (முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று எழுதும் தாளும் இந்த வகைதான். துண்டு அந்தத் தூசியை நிறுத்தாது.)

தேதியை மறக்காமல் பாருங்கள். டைபாய்டுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தோம். இன்று நம் நாட்டில் பெரும்பாலான டைபாய்டு கிருமி அதற்கு அசைவதில்லை. அந்தக் காலத்து எண்ணை வைத்து இன்று முடிவெடுத்தால் வீணாகும் நாட்கள் நோயாளியுடையவை. தேதி போடாத தாளைப் பழைய தாள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, அது யாரோடு உட்கார்ந்து எழுதப்பட்டது என்று கேளுங்கள். நோயாளிகளிடம் கேட்டு எழுதினார்களா, எழுதியபின் அவர்களிடம் படித்துக் காட்டினார்களா என்பதும் அந்த 44 கேள்விகளுக்குள் வருகிறது. வரும் நவம்பர் 18 முதல் 24 வரை உலகம் முழுக்கக் கிருமிகளின் மருந்தெதிர்ப்பு பற்றிய விழிப்புணர்வு வாரம். காகிதம் அதிகம் வரும் வாரம் அதுதான். கையில் ஒன்று கிடைத்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் உரக்கப் படியுங்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. கேட்ட ஒருவர் தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும்: என்னென்ன வழி, நூற்றுக்கு எத்தனை பேருக்கு நல்லது, எத்தனை பேருக்குக் கெடுதல், எப்போது திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் குறை கேட்டவரிடம் இல்லை, தாளில். எந்த இடத்தில் தடுக்கியதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அடுத்த அச்சில் திருத்தினார்களா என்று அடுத்த வருஷம் கேளுங்கள். எண் விளங்கவில்லை என்றால், ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நூறு முகங்களை வரைந்து அதில் ஐந்துக்கு மட்டும் வண்ணம் பூசிக் காட்டுவது அவர்களுக்கு ஒரு மாலை வேலை.

அன்புடன்,
மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் ஊர்க்காரன்

பின்குறிப்பு: இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டே இந்த மடலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எந்தத் தாளுக்கும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கும் காசநோய் மருந்துக்கும் காசு கிடையாது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அங்கே கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.